கேட்கத் தயங்கும் ஓட்டக்காரர்கள்

கேள்வி: எங்கள் தொண்டு அமைப்புக்காக நாற்பது பேர் ஒரு மாரத்தானில் ஓடவிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டுதான் பதிவு செய்தார்கள். ஓட்டத்துக்கு ஆறு வாரங்களே இருக்கும் இந்த நேரத்தில், இருபது பேர் இலக்கில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. வாரந்தோறும் வாட்ஸ்அப் குழுவில் நினைவூட்டுகிறேன், பதிலே வருவதில்லை. அவர்கள் மனம் நோகாமல் எப்படி ஊக்கப்படுத்துவது?

பதில்: முதலில் அந்த வாராந்தர நினைவூட்டலை நிறுத்திவிடுங்கள். நாற்பது பேருக்கும் ஒன்றுபோல் போகும் செய்தியை, இலக்கை எட்டியவர் தமக்கானது அல்ல என்று கடந்துவிடுகிறார். எட்டாதவரோ பலர் முன்னிலையில் தம்மைச் சுட்டுவதாக எண்ணி ஒதுங்கிவிடுகிறார். யார் எவ்வளவு திரட்டினார் என்ற பட்டியலைக் குழுவில் வெளியிடும் வழக்கமும் சில அமைப்புகளில் உண்டு. முன்னணியில் இருப்பவருக்கு அது உற்சாகம் தரலாம். உங்கள் கவலைக்குரிய இருபது பேரை அது மேலும் மௌனமாக்கிவிடும் என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக அந்த இருபது பேரையும் தனித்தனியே தொலைபேசியில் அழையுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை இது. “எவ்வளவு சேர்ந்தது?” என்று தொடங்காதீர்கள், “இதுவரை யார் யாரிடம் கேட்டீர்கள்?” என்று கேளுங்கள். சமூக ஊடகத்தில் நன்கொடைப் பக்கத்தின் இணைப்பை ஒருமுறை போட்டுவிட்டுக் காத்திருப்பதாகத்தான் பெரும்பாலும் விடை வரும். பொதுவில் வைக்கும் வேண்டுகோள் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பார்க்கிற ஒவ்வொருவரும் வேறு யாராவது கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்த நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று அட்டவணை போட்டுப் பயிற்சி செய்யும் ஒருவர், எந்த நாளில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் தர வேண்டிய உதவி அந்தத் திட்டம்தான்.

அழைப்பில் இருக்கும்போதே அவரை ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள்: குடும்பத்தார், நெருங்கிய நண்பர்கள், உடன் பணிபுரிவோர், பழைய வகுப்புத் தோழர்கள் என்று முப்பது பெயர்கள் வந்தால் போதும். மீதமுள்ள தொகையை அந்த முப்பதால் வகுத்துப் பார்த்தால், மலைப்பாகத் தெரிந்த இலக்கு ஒரு நண்பரிடம் கேட்கக்கூடிய தொகையாகச் சுருங்கிவிடும். வரிசையும் முக்கியம். ஓட்டக்காரர் முதலில் தம் பங்கைத் தாமே செலுத்தட்டும்; அடுத்து, தாராளமாகக் கொடுக்கக்கூடிய மிக நெருங்கிய இருவர் மூவரிடம் கேட்கட்டும். பின்னால் வருகிறவர்கள் பக்கத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் தொகைகளைப் பார்த்துத்தான் தாம் எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். வெறுமையாகக் கிடக்கும் பக்கத்தில் முதல் ஆளாகக் கொடுக்கப் பலரும் தயங்குவார்கள்.

கேட்கும் செய்தி நான்கைந்து வரிகளில் இருக்கட்டும். நான் ஏன் இந்தக் காரியத்துக்காக ஓடுகிறேன், இந்தப் பணம் எதற்குப் பயன்படும், உங்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறேன், எந்த நாளுக்குள் வேண்டும் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். இரண்டாவது விவரத்தை ஓட்டக்காரரால் தாமாகச் சொல்ல முடியாது. குறிப்பிட்ட ஒரு தொகையைக் கொண்டு உங்கள் அமைப்பு என்ன செய்கிறது என்பதை நீங்கள்தான் உண்மையான கணக்கோடு எழுதித் தர வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுதாதவர்களில் பலர் மறுத்தவர்கள் அல்லர், மறந்தவர்கள்.

அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டு, ரத்தப் புற்றுநோய்க்கு ஆளான தம் மகளை முன்னிட்டு புரூஸ் கிளீலண்ட் என்பவர் 38 பேரைத் திரட்டி நியூயார்க் மாரத்தானில் ஓட வைத்தார். அவர்கள் சேர்த்தது 3,22,000 டாலர். அதாவது ஆளுக்குச் சராசரியாக 8,000 டாலருக்கு மேல். சமூக ஊடகம் எதுவும் இல்லாத காலத்தில், தெரிந்தவர்களிடம் நேரடியாகக் கேட்டுச் சேர்த்த பணம் அது. உங்கள் குழுவும் ஏறக்குறைய அதே அளவுதான்.

கேள்வி: நான் அப்படிப்பட்ட ஓட்டக்காரர்களில் ஒருவன். பிறரிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. குறையும் தொகையை நானே கட்டிவிட்டால் என்ன?

பதில்: கை நீட்டுவது இழிவு என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூச்சம் இயல்பானது, அதை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் நீங்கள் உங்களுக்காகக் கேட்கவில்லை. நோயுற்றவருக்காகவோ படிக்க வழியில்லாத பிள்ளைக்காகவோ கேட்கிறீர்கள். அவர்களால் உங்கள் நண்பர்களிடம் வந்து கேட்க முடியாது. நீங்களே கட்டிவிட்டால் தொகை போய்ச் சேரும். ஆனால் அந்தத் தொண்டைப் பற்றி முப்பது பேர் அறிந்துகொள்ளும் வாய்ப்பும், அவர்களில் சிலர் அடுத்த ஆண்டும் உதவக்கூடிய வாய்ப்பும் போய்விடும். ஆகவே முதலில் கேளுங்கள். இன்று ஒரே ஒருவரிடம், நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தவரிடம், நேரில் கேளுங்கள். அந்த முதல் உரையாடல்தான் கடினமானது. பட்டியலில் உள்ள எல்லோரிடமும் கேட்ட பிறகும் குறைந்தால், மிச்சத்தை உங்கள் கையிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: ஓட்ட நாளுக்குள் இலக்கை எட்ட முடியாவிட்டால் விலகிவிடுவதுதான் நேர்மையா?

பதில்: விலகாதீர்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், ஒவ்வொரு கனடியரிடமிருந்தும் ஒரு டாலர் என்ற இலக்கோடு 1980 ஏப்ரலில் ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1-ஆம் தேதி நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று அவருடைய இலக்கு வெகுதொலைவில் இருந்தது. ஆயினும் கொடுப்பவர்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். 1981 பிப்ரவரியில் தொகை 2.4 கோடி டாலரைத் தாண்டி, அந்நாட்டு மக்கள்தொகைக்கு ஈடாயிற்று.

உங்கள் அமைப்பாளரிடம் இப்போதே நிலைமையைச் சொல்லி, ஓட்டத்துக்குப் பிறகும் நன்கொடை பெறக் கால அவகாசம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல அமைப்புகள் அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குகின்றன. ஓடி முடித்த அன்று மாலையே, எல்லைக்கோட்டில் எடுத்த படத்தையும் ஓடிய நேரத்தையும் குறிப்பிட்டு, கொடுத்தவர்களுக்கு நன்றியும் கொடுக்காதவர்களுக்கு இன்னொரு வேண்டுகோளும் தனித்தனியே அனுப்புங்கள்.