நீள நோட்டா, நாற்பதாயிரம் ரூபாய் மென்பொருளா?

கேள்வி: ஈரோட்டில் வரி ஆலோசகராக இருக்கிறேன். என்னையும் சேர்த்து அலுவலகத்தில் நான்கு பேர். ஜிஎஸ்டி வாடிக்கையாளர்கள் 140, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) 25, ஆண்டுக்கு ஏறத்தாழ 400 வருமான வரி ரிட்டர்ன். யாருக்கு எது முடிந்தது என்பதெல்லாம் ஒரு நீள நோட்டிலும் மீதி என் தலையிலும் இருக்கிறது. அலுவலக மேலாண்மை மென்பொருள் விற்பவர் ஒருவர் மூன்று முறை வந்து போய்விட்டார். ஒரு பயனருக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய், வரி தனி. வாங்கலாமா?

பதில்: ரிட்டர்ன் தயாரிக்கும் மென்பொருள் வேறு, இது வேறு. கம்ப்யூட்டாக்ஸ், வின்மேன், ஜீனியஸ் போன்றவை வரியைக் கணக்கிட்டு ரிட்டர்னைத் தயார் செய்பவை. அவற்றில் ஏதோ ஒன்று உங்களிடம் இருக்கும். இப்போது விற்க வந்திருப்பது உங்கள் வேலையைக் கணக்கு வைப்பது: எந்த ஃபைல் யார் மேசையில், எது பாக்கி, யாருக்கு பில் போட்டோம், யார் இன்னும் கட்டணம் தரவில்லை. முதலாவது இல்லாமல் இன்றைக்கு அலுவலகம் நடத்துவது கடினம். இரண்டாவது இல்லாமல் எத்தனையோ அலுவலகங்கள் நன்றாகவே நடக்கின்றன.

நான்கு பேருக்கு 36,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 42,480. (பதிவு பெற்றவரென்றால் அந்த 6,480 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வீர்கள். உங்களுக்குப் போய் இதைச் சொல்கிறேன் பாருங்கள்.) ஒரு தேதி தவறினால் எவ்வளவு தண்டம் தெரியுமா என்றுதான் விற்பவர் பேச்சை ஆரம்பித்திருப்பார். ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டித் தாக்கல் செய்யும் ரிட்டர்ன்) தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். வரி ஏதும் இல்லாத ரிட்டர்னுக்கு 20. பத்து நாள் மறந்தால் 500 ரூபாய், வட்டி தனி. ஆண்டுக்கு 85 ரிட்டர்னை இப்படி மறந்தால்தான் மென்பொருளின் விலை வருகிறது. அவ்வளவு மறக்கிற அலுவலகத்தில் 140 வாடிக்கையாளர்கள் தங்கியிருக்க மாட்டார்கள். டிடிஎஸ் ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் என்பது வலிக்கும்தான். ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை 25 பேர் என்பது ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் பட்டியல்.

தாமதம் எங்கே பிறக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைப் பட்டியல்), 14-ஆம் தேதி 2பி (விற்றவர்கள் காட்டியபடி நமது கொள்முதல் பட்டியல்) வரும், 20-ஆம் தேதிக்குள் 3பி. இடையில் கிடைக்கிற ஆறு நாளும் கொள்முதல் பில்லைக் கேட்டுப் போன் போடுவதிலேயே கழியும். ஜவுளிக் கடைக்காரரின் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடக்கும் பில்லை எந்த மென்பொருளும் எடுத்து வராது. ஓடிபி வரும் நேரத்தில் அவருடைய போன் கல்லூரிக்குப் போன மகனிடம் இருந்தால் அதற்கும் வழி சொல்லாது.

ஆகவே தண்டத்துக்குப் பயந்து வாங்காதீர்கள். வாங்க வேறொரு நல்ல காரணம் உண்டு. அதை விற்பவர்கள் கடைசியில்தான் சொல்கிறார்கள். போடாமல் விட்ட பில்!

நான் பயிற்சியில் இருந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மார்ச் மாதம் ஃபைல்களைப் புரட்டிப் பார்த்தோம். மாத ரிட்டர்னுக்கான கட்டணம் ஒழுங்காக வந்திருந்தது. நோட்டீஸுக்கு எழுதிய பதில், வங்கிக் கடனுக்காகத் தயாரித்துக் கொடுத்த கணக்கு, ஜிஎஸ்டி பதிவில் முகவரித் திருத்தம் போன்ற உதிரி வேலைகள் பலவற்றுக்கு பில்லே போடவில்லை. "அப்புறம் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டவை அவை. மாதம் ஐந்து உதிரி வேலை, ஒன்றுக்கு 750 ரூபாய் என்று வைத்தால்கூட ஆண்டுக்கு 45,000 போய்விடுகிறது. உங்கள் நோட்டில் இப்படி எத்தனை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணுங்கள். அந்தத் தொகை மென்பொருளின் விலையைத் தாண்டினால் விற்பவரைத் திரும்பக் கூப்பிடலாம்.

நான் பார்க்கும் இன்னொன்று, ஒரு ஃபைல் எத்தனை கை மாறுகிறது என்பது. பில்லை வாங்குபவரே பதிவு செய்து, அவரே தாக்கலும் செய்தால் நோட்டு போதும். ஒருவர் வாங்க, இன்னொருவர் டாலி கணக்கு மென்பொருளில் ஏற்ற, மூன்றாமவர் 2பியுடன் ஒப்பிட, கடைசியில் நீங்கள் பார்த்து அனுப்புகிறீர்கள் என்றால் 60 வாடிக்கையாளர்களுக்கே நோட்டு திணறும். நீங்கள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் அலுவலகம் நிற்கிறதா? அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

என் யோசனை: இப்போது வாங்க வேண்டாம். நோட்டை மூடிவிட்டு, நான்கு பேரும் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கூகுள் ஷீட் ஒன்றில் இரண்டு மாதம் ஓட்டுங்கள். வாடிக்கையாளர், வேலை, பொறுப்பாளர், பில் வந்த நாள், தாக்கல் நாள், நமது பில், வசூல் என்று ஏழு பத்திகள் போதும். வருமான வரிக்கு மட்டும் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்: மின்சரிபார்ப்பு, அதாவது தாக்கலான ரிட்டர்னை வாடிக்கையாளர் ஆன்லைனில் உறுதி செய்வது. தாக்கல் செய்த 30 நாளுக்குள் அதை முடிக்காவிட்டால் உரிய நாளில் போட்ட ரிட்டர்னும் தாமத ரிட்டர்னாகிவிடலாம். 400 பேரில் நாலைந்து பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். கடவுச்சொற்களை மட்டும் அந்த ஷீட்டில் எழுதாதீர்கள்.

ஷீட்டை ஒழுங்காக நிரப்புகிற அலுவலகம் மென்பொருளையும் நிரப்பும். நிரப்பாத அலுவலகத்துக்கு 42,480 ரூபாய் தெண்டம்.

பிறகு வாங்குவதாக இருந்தால் பிப்ரவரியில் ஆரம்பியுங்கள். டிசம்பர் 31 (தாமத வருமான வரி ரிட்டர்ன்), ஜனவரி 31 (டிடிஎஸ்) கெடுக்கள் இரண்டும் கழிந்திருக்கும். சோதனைக் காலத்தை மட்டும் மாதத்தின் 10 முதல் 20-ஆம் தேதிக்குள் கேட்டு வாங்குங்கள், நெரிசலில்தான் அதன் குணம் தெரியும். அடுத்த ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு, விலகினால் தரவு முழுவதையும் எக்செலில் எடுக்க முடியுமா, இரண்டையும் எழுத்தில் பெறுங்கள். வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிய பொருளுக்கு விலக்கு உண்டு என்றாலும், நான்கு பேர் அலுவலகத்தின் மென்பொருள் சந்தா அதற்குள் வருமா என்று ஆணையத்தில் வாதாடுவதைவிட ஒரு மின்னஞ்சல் வாங்கி வைப்பது சுலபம்.

கேள்வி: நாகர்கோவிலில் ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். இத்தகைய மென்பொருளை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகப் பிள்ளைகள் மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் 'முடிந்தது' என்று குறித்துவிடுகிறார்கள். புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்ய?

பதில்: ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள் அம்மா. காலையில் அவர்களுக்கு வேலையை எங்கே சொல்கிறீர்கள்? வாட்ஸ்அப்பில் என்றால், அவர்களும் அங்கேதான் பதில் சொல்வார்கள்; மென்பொருள் இரண்டாவது எழுத்துவேலையாகத்தான் இருக்கும். ஒரு மாதம் அதில் ஏற்றாத வேலையை நீங்களும் சொல்லாமல் இருந்து பாருங்கள். வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களை (பென்டிரைவ் போல இருக்குமே, அவை) மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தால், எது யாருடையது, எப்போது காலாவதி, யார் வாங்கிப் போனார் என்ற பதிவேட்டையும் அதிலேயே வைக்கச் சொல்லுங்கள். தினமும் திறக்க அதுவே ஒரு காரணமாகும்.

அப்படியும் மாறவில்லையென்றால் புதுப்பிக்காதீர்கள். கணக்கு முடக்கப்படும் முன் ஆவணங்கள் எல்லாவற்றையும் இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டியது வாடிக்கையாளரின் கடமை. நோட்டீஸ் வந்ததும் அவர் ஓடி வருவது உங்களிடம்தான்.