வக்கீல் பதில்கள்: கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

போன இதழில் சிசிலி மாஃபியா தலைவர் தொத்தோ ரீனாவைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

வாசகர், கும்பகோணம்: ‘குள்ளன்’ என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு மனிதர் நாட்டையே நடுங்க வைத்தார் என்றீர்களே. அவர் எங்கிருந்து வந்தார்?

சிசிலித் தீவின் உள்நாட்டில் கொர்லியோனே என்று ஒரு ஊர். அங்கே ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் 1930 நவம்பர் 16 அன்று பிறந்தவர் ரீனா. உயரம் ஐந்தேகால் அடிகூடக் கிடையாது. 1943இல், பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, வெடிக்காமல் கிடந்த ஒரு அமெரிக்கக் குண்டை அப்பா வீட்டுக்குத் தூக்கி வந்தார். மருந்தையும் இரும்பையும் பிரித்து விற்றால் நாலு காசு கிடைக்கும் என்று நினைத்தார். குண்டு வெடித்தது. அப்பாவும் ஏழு வயதுத் தம்பியும் அங்கேயே இறந்து போனார்கள்.

இதைச் சொன்னதும் ‘பாவம், சூழ்நிலை அப்படி’ என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் அந்த வீட்டை நினைத்தால் மனசு பிசைகிறது. ஆனால் அதே கொர்லியோனேயில்தான் பிளாச்சிதோ ரிஸொத்தோவும் வாழ்ந்தார். நிலமில்லாத கூலிகளைத் திரட்டித் தரிசு நிலங்களுக்கு உரிமை கேட்ட தொழிற்சங்கத் தலைவர் அவர். 1948 மார்ச்சில் லுச்சானோ லெஜ்ஜோ கும்பல் அவரைக் கடத்திக் கொன்று மலைப்பிளவில் வீசியது. எலும்புகள் 2009இல்தான் கிடைத்தன. 2012இல் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. ரீனாவும் ரிஸொத்தோவும் பார்த்தது ஒரே ஊரின் வறுமையைத்தான். ரீனா போய்ச் சேர்ந்ததோ ரிஸொத்தோவைக் கொன்ற அந்த லெஜ்ஜோவிடம்.

பத்தொன்பது வயதில் ஒரு சண்டையில் ஒருவரைக் கொன்று உள்ளே போனார். 1956இல் வெளியே வந்தார். மறுபடி பிடிபட்டு, 1969இல் விடுதலையாகி, அதன்பின் தலைமறைவானார்.

வாசகி, திண்டுக்கல்: 23 வருடம் தலைமறைவா? போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது?

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. அவர் எந்தக் காட்டிலும் ஒளியவில்லை. பெரும்பாலான காலம் சிசிலியின் தலைநகரான பலெர்மோவிலேயே குடும்பத்தோடு இருந்தார். 1974இல் ரகசியமாகக் கல்யாணம். மனைவி நினெத்தா பகரெல்லா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நான்கு குழந்தைகளும் அதே நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள், பிறப்புப் பதிவு ரீனா என்ற சொந்தப் பெயரிலேயே! ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் அரசாங்கத்துக்கு மட்டும் தெரியவில்லை என்றால், அதைத் தேடத் தெரியாமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த வருடங்களில்தான் அவர் எதிர் கும்பல்களை ஒழித்தார். 1981இல் தொடங்கிய அந்தச் சண்டையில் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். 1982 ஏப்ரலில் பியோ லா தோர்ரே என்ற நாடாளுமன்ற உறுப்பினரைச் சுட்டார்கள். மாஃபியாவில் உறுப்பினராக இருப்பதே குற்றம், மாஃபியாக்காரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்யலாம் என்ற சட்டத்துக்காகப் போராடியவர். செப்டம்பர் 3 அன்று பலெர்மோவின் பிரிஃபெக்ட், அதாவது மத்திய அரசின் மாவட்டப் பிரதிநிதி, தல்லா கியேசாவை மனைவியோடு சேர்த்துச் சுட்டார்கள். அதன்பிறகு பத்தே நாளில் சட்டம் நிறைவேறியது. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. லா தோர்ரே உயிரோடு இருந்தபோதே செய்திருக்க வேண்டியது அது.

ரீனா பிடிபட்டது 1993 ஜனவரி 15 காலையில். அவருக்குக் காரோட்டியாக இருந்த பல்தசாரே தி மாஜோ மாட்டிக்கொண்டு வாய் திறந்தார். சந்தேகப்பட்ட ஒரு வீட்டு வாசலில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டியபோது, வெளியே வந்த பெண்ணைப் பார்த்து ‘இது நினெத்தா’ என்று அடையாளம் சொன்னார். மறுநாள் காலை காரில் புறப்பட்ட ரீனாவைச் சாலைத் திருப்பத்தில் மடக்கினார்கள். ஆனால் அந்த வீட்டை உடனே சோதனை போடவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து உள்ளே போனபோது வீடு காலி. சுவருக்குப் புது வர்ணம்கூட அடித்திருந்தது. அதற்காகப் பின்னால் விசாரிக்கப்பட்ட அதிகாரிகள் விடுதலையானார்கள். அங்கே என்னென்ன காகிதம் இருந்ததோ என்று இத்தாலியில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

சட்டக் கல்லூரி மாணவர், மதுரை: மாஃபியா தலைவர்களுக்குச் சிறை ஒரு பொருட்டே இல்லை என்று படித்தேன். ரீனா விஷயத்தில் எது மாறியது, ஐயா?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை பக்கம் கேட்டு வாங்கினேன்.

பலெர்மோவின் பழைய சிறைக்குப் பெயர் உச்சார்தோனே. ஜனங்கள் அதை ‘கிராண்ட் ஹோட்டல்’ என்றுதான் சொன்னார்கள். தலைவர்களுக்கு வெளியிலிருந்து கடல் இறாலும் ஷாம்பெயினும் போகும். உள்ளேயிருந்து கொலைக்கு உத்தரவு வரும். பக்கத்து நேப்பிள்ஸில் ரஃபாயேலே குத்தோலோ என்பவர் தன் கும்பலையே சிறைக்குள் உட்கார்ந்துதான் கட்டினார். சிறை அவர்களுக்கு இன்னொரு ஆபீஸ்.

இதை உடைத்தவர்கள் ஜொவான்னி ஃபல்கோனே, பவொலோ பொர்செல்லினோ என்ற, புலன்விசாரணை செய்யும் இரண்டு நீதிபதிகளும் அவர்களுடைய குழுவும். மாஃபியாவுக்குள்ளேயே இருந்த தொம்மாசோ புஷெத்தா அப்ரூவராகப் பேசிய பிறகு, தனித்தனி வழக்காக இல்லாமல் அமைப்பு முழுவதையும் ஒரே வழக்கில் நிறுத்தினார்கள். 1985 கோடையில் உயிருக்கு ஆபத்து என்று இருவரையும் குடும்பத்தோடு அசினாரா என்ற சிறைத்தீவுக்கு அனுப்பினார்கள். குற்றப்பத்திரிகையின் வேலை அங்கே நடந்தது. முடிந்து திரும்பியதும் தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் அரசு அவர்களுக்கு பில் அனுப்பியது. உயிரைப் பணயம் வைத்தவர்களிடம் சோற்றுக் காசு கேட்டார்கள்!

1986 பிப்ரவரி 10 அன்று உச்சார்தோனே பக்கத்தில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் கோர்ட்டில் விசாரணை தொடங்கியது. 475 பேர் மீது வழக்கு, சுவரோரம் வரிசையாகக் கூண்டுகள். 1987 டிசம்பர் 16 தீர்ப்பில் 19 பேருக்கு ஆயுள், தலைமறைவாக இருந்த ரீனா உட்பட. மற்றவர்களுக்குச் சேர்த்து 2,665 வருடம். 114 பேருக்கு விடுதலை. இந்த 114ஐ நீ மறக்காதே. கூட்டமாகக் கட்டி இழுத்துப் போய்த் தண்டித்த வழக்கு இல்லை அது, ஆளுக்கு ஆள் சாட்சியத்தை நிறுத்துப் பார்த்த வழக்கு. அதனால்தான் 1992 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்திலும் அது நின்றது.

ரீனா பழி வாங்கினார். மே 23 மாலை, விமான நிலையத்திலிருந்து வரும் நெடுஞ்சாலைக்கு அடியில், கபாச்சி அருகே, வடிகாலில் திணித்து வைத்த வெடிமருந்து ஃபல்கோனேயையும் மனைவி ஃபிரான்செஸ்காவையும் மூன்று மெய்க்காவலர்களையும் கொன்றது. ஜூலை 19 அன்று பொர்செல்லினோ, அவரோடு ஐந்து காவலர்கள்.

அந்த இரண்டு கோடை மாதங்களில் வந்ததுதான் 41-பிஸ் என்ற சிறை விதியின் கடுமையான வடிவம். மாதத்துக்கு ஒரு மணி நேரம் மனு, அதாவது உறவினர் வந்து பார்ப்பது, அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து, பதிவு செய்துகொண்டு. கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரு நாளில் செல்லுக்கு வெளியே இரண்டு மணி நேரம். ரீனாவை இந்த விதியின் கீழ் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்று அசினாரா. ஃபல்கோனேயும் பொர்செல்லினோவும் உட்கார்ந்து எழுதிய அதே தீவு.

நாற்பது வருடமாக நானும் மனு பார்க்கப் போகிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனின் விரலை ஒரு தாய் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த விரல் தொடுகையையும் பறிப்பது லேசான விஷயம் இல்லை. ஆனாலும் ரீனாவுக்கு அந்தக் கண்ணாடி தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். 2013இல் மிலான் ஒப்பேரா சிறை முற்றத்தில் சக கைதியோடு உலாவும்போது, கபாச்சியைப் பெருமையாகப் பேசி, நீனோ தி மத்தேயோ என்ற அரசு வழக்கறிஞரையும் அதேபோல் முடிக்க வேண்டும் என்று சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

வாசகர், வேலூர்: இவ்வளவு செய்தவரைத் தூக்கில் போட்டிருக்கக் கூடாதா?

1948 முதல் இத்தாலிய அரசியல் சட்டம் அமைதிக் காலத்தில் மரண தண்டனைக்கு இடம் கொடுக்கவில்லை. 26 ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். நான் தூக்குக்கு எதிரானவன். ரீனாவுக்காகவும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வாசகி, புதுச்சேரி: கடைசிக் காலத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்று கோர்ட் யோசித்ததாமே? அது சரியா?

யோசித்தது சரி. அனுப்பாததும் சரி. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

2017இல் ரீனாவுக்கு இதயம், சிறுநீரகம் எல்லாம் கெட்டுப் படுத்த படுக்கை. பார்மா ஆஸ்பத்திரியின் கைதிகள் வார்டில் இருந்தார். உச்ச நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டிடம் கேட்டது இதுதான்: கௌரவமாகச் சாகும் உரிமை எந்தக் கைதிக்கும் உண்டு, இந்த நிலையிலும் சிறையிலேயே வைக்க வேண்டும் என்றால் அதற்குக் காரணத்தை முறையாக எழுது. நாடே கொதித்தது. ஜூலையில் பொலோன்யா கோர்ட் காரணங்களை எழுதியது: வீட்டில் கிடைப்பதைவிட நல்ல சிகிச்சை இங்கே கிடைக்கிறது, ஆபத்தும் தீரவில்லை. அந்த வருடம்தான் மனைவியிடம், 3,000 வருடம் போட்டாலும் வளைய மாட்டேன் என்று அவர் பேசியதும் பதிவாகியிருந்தது.

நவம்பர் 16 அன்று, அவருடைய 87ஆவது பிறந்தநாளில், குடும்பத்தார் வந்து பார்க்க நீதி அமைச்சர் அனுமதித்தார். மறுநாள் அதிகாலை இறந்தார். பொது இறுதிச் சடங்குக்குத் திருச்சபை மறுத்துவிட்டது. சாவில் தனக்குச் சந்தோஷம் இல்லை, ஆனால் மன்னிக்கவும் முடியாது என்றார் ஃபல்கோனேயின் அக்கா மரியா.

மன்னிப்பைப் பற்றி இன்னொருவர் முன்பே பேசிவிட்டார். கபாச்சியில் இறந்த காவலர் வீத்தோ ஸ்கிஃபானியின் மனைவி ரொசாரியா. வயது 22, கையில் சின்னக் குழந்தை. சவ அடக்கப் பிரார்த்தனையில் மைக் முன் நிறுத்தினார்கள். எழுதிக் கொடுத்ததைப் படிக்க ஆரம்பித்தார்: உங்களை மன்னிக்கிறேன், ஆனால் நீங்கள் மண்டியிட வேண்டும், மாற வேண்டும். அங்கே நிறுத்தி, காகிதத்தில் இல்லாததைச் சொன்னார், அழுதுகொண்டே: ஆனால் அவர்கள் மாற மாட்டார்கள். அந்தப் பதிவை நான் எத்தனை தடவை பார்த்தேனோ, ஒரு தடவையும் முழுசாகப் பார்க்க முடிந்ததில்லை.

வாசகர், காரைக்குடி: நீங்கள் பலெர்மோ போயிருக்கிறீர்களா?

ஒரு தடவை. அங்கே ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மலைமேல் உள்ள சாந்தா ரொசாலியா கோயிலுக்கு நடந்தே ஏறுவார்கள், சைவர்களும்தான். அப்படி ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் தங்கினேன். அந்த வீட்டுப் பெண், அங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஃபல்கோனே குடியிருந்த நோத்தர்பார்த்தோலோ தெருவுக்குக் கூட்டிப் போனாள். வாசலில் ஒரு பெரிய மரம். நம் ஆலமரத்தின் இனம்தான், தடித்த பச்சை இலைகள். அடிமரத்தைச் சுற்றிக் காகிதங்கள், படங்கள், பள்ளிப் பிள்ளைகளின் கடிதங்கள். மழையில் மை கரைந்த ஒன்றைக் குனிந்து படித்து, “மாமா, இது ஒரு சின்னப் பிள்ளை எழுதினது. ‘நான் பிறக்க முன்னமே உங்களைக் கொண்டுபோட்டாங்கள், ஆனா உங்களை எனக்குத் தெரியும்’ எண்டு கிடக்கு” என்றாள்.

ஒவ்வொரு மே 23ஆம் தேதியும், குண்டு வெடித்த 5.58 மணிக்கு, அந்த மரத்தடியில் ஊதுகுழலில் ‘மௌனம்’ என்ற அஞ்சலி இசையை வாசிக்கிறார்கள். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள்.