மாதம் ஒருமுறை மலையேறும் ஸ்கார்பியோவுக்கு எந்த டயர்?

கேள்வி: சார், புதுவண்ணாரப்பேட்டையில் சிறுதானியக் கடை வைத்திருக்கிறேன். வண்டி ஸ்கார்பியோ, பின்சக்கர இழுவை மட்டும்தான், டயர் அளவு 235/65 ஆர்17. மாதம் ஒருமுறை ஜவ்வாது மலைக்குப் போய், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் சாமையும் தேனும் வாங்கி வருகிறேன். கடைசி ஏழு கிலோமீட்டர் மண்ணும் கல்லும்தான். மற்ற நாளெல்லாம் வண்டி எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி பக்கமும் ஓடும். இப்போது டயர் மாற்ற வேண்டும். கடையில் ‘245/70 ஏ.டி. போடுங்க, வண்டி கெத்தா நிக்கும்’ என்கிறார்கள். ஏ.டி. என்றால் தார், மண் இரண்டுக்கும் பொதுவான ‘ஆல் டெரெய்ன்’ டயராம். நண்பர் ஒருவர் சேற்று டயரான எம்.டி.யே போடச் சொல்கிறார். எதைப் போடுவது? ஸ்டெப்னியும் மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு கணக்குப் போடுவோம். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆற்காடு, ஆரணி, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய்த் திரும்ப எப்படியும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதில் மண்பாதை போக ஏழு, வர ஏழு. நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். மாதம் முழுக்க நீங்கள் ஊருக்குள் ஓட்டுவதையும் சேர்த்தால் அதுவும் இன்னும் சுருங்கிவிடும்.

அதனால் எம்.டி. பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். அது சேற்றுக்கென்றே செய்த டயர். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டி, பெரிது, இடைவெளி அகலம். தார் ரோட்டில் லாரி மாதிரி இரையும், ஈரத்தில் பிரேக் பிடித்தால் தாமதமாக நிற்கும். மழைக்காலத்தில் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதை ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்படியானால் கம்பெனி வண்டியோடு தந்த மாதிரி ஹெச்.டி., அதாவது நெடுஞ்சாலை டயரே போதாதா என்று கேட்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். சில வருடம் முன்பு போளூரிலிருந்து மலையேறும்போது எதிரே பஸ் வந்தது. ஒதுங்கி வழிவிட இடது சக்கரங்களைத் தாரிலிருந்து இறக்கினேன். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பள்ளம், அதில் உடைந்த கருங்கல் ஜல்லி. பஸ் போனதும் மறுபடி தார்மேல் ஏற்றினேன். ‘புஸ்’ என்று ஒரு சத்தம்தான். இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச் சுவரில், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே, விரல் நீளத்துக்குக் கிழிசல், உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. டயர் போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை, பட்டன் எல்லாம் புதுசு. மலைமேல் இருந்த பஞ்சர் கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ஓரத்துல கிழிஞ்சா ஒட்டாது சார், தூக்கிப் போட்டுடு” என்றார். சரியாகத்தான் சொன்னார். நடுவில் ஆணி ஏறினால் திரி செருகி ஒட்டிவிடலாம். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்வது, அங்கே எந்த ஒட்டும் நிற்காது.

அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்த மலைவண்டிகளைக் கவனித்துப் பார்த்தேன். டயர் வீணாவது சேற்றில் குறைவு, தார் ஓரத்தில்தான் அதிகம். ஊருக்குள்ளும் இதே கதைதான். கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கும்போது உடைந்த ஓரம், மேன்ஹோல் விளிம்பு, டிவைடர் கல், எல்லாம் அடிப்பது பக்கச் சுவரைத்தான். ஆக, உங்களுக்கு ஏ.டி. வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதன் பக்கச் சுவர். முரட்டு பட்டனுக்காக இல்லை. மிதமான ஏ.டி. போதும்.

கடையில் டயரை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். முதலில் தோள், அதாவது பட்டன் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் இடம். நல்ல ஏ.டி.யில் பட்டன் அங்கே நிற்காமல் ஒரு அங்குலமாவது பக்கவாட்டில் இறங்கியிருக்கும். கல் உரசினால் முதலில் அந்தத் தடித்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். அடுத்து நடுப்பகுதி. பட்டன்கள் நெருக்கமாக, ஏறக்குறைய தொடர்ச்சியாக இருந்தால் தாரில் சத்தம் குறைவு, ஸ்டீயரிங் நேராக நிற்கும். ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் இருக்கின்றனவா என்று நகத்தை வைத்துப் பாருங்கள். ஈரச் சாலையில் பிடிமானம் தருவது அவைதான். பள்ளங்களின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருந்தால் நல்லது, கல் சிக்கிக்கொண்டு உள்ளே துளைக்காமல் தள்ளிவிடும்.

அப்புறம் பக்கச் சுவரில் உள்ள பொடி எழுத்து. பெரும்பாலான டயர்களில் எந்தப் பகுதியில் எத்தனை நூலடுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். ‘சைடுவால்’ என்பதற்குப் பக்கத்தில் ‘2 பாலியெஸ்டர்’ என்றிருந்தால் உங்கள் வேலைக்குப் போதும். ஒன்று என்றிருந்தால் வேண்டாம். மூன்றடுக்கு உறுதிதான், ஆனால் கனம். மாதம் பதினான்கு கிலோமீட்டருக்காக வருடம் முழுக்க அந்தக் கனத்தை இழுத்து டீசலை எரிக்கத் தேவையில்லை. அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ என்று போட்ட லைட் டிரக் வகையும் இதே காரணத்தால் வேண்டாம். அதற்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும், காலி வண்டியில் குதிக்கும்.

கம்பெனி எது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் டயர் என்றாலே பலருக்கு எம்.ஆர்.எஃப்.தான். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி அது, அந்தப் பாசம் போகாது. பாசம் இருக்கட்டும். எம்.ஆர்.எஃப். வாண்டரர், அப்போலோ அப்டெரா, யோகோஹாமா ஜியோலேண்டர் என்பவை ஒரே டயரின் பெயர் இல்லை, குடும்பப் பெயர். ஒரே குடும்பத்தில் நெடுஞ்சாலை டயரும் இருக்கும், ஏ.டி.யும் இருக்கும். பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் வேறு டயர் வந்து இறங்கும். கடைசி எழுத்துகளையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இப்போது அளவு. உங்கள் 235/65 ஆர்17 டயரின் குறுக்களவு சுமார் 737 மில்லிமீட்டர். கடைக்காரர் சொல்லும் 245/70 ஆர்17 போட்டால் 775. ஐந்து சதவீதம் பெரிது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்னைவிட ஐந்து கிலோமீட்டர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அது போகட்டும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உள்பக்கம் உரசக்கூடும், ஏற்றத்தில் இழுவையும் குறையும். கெத்துக்காக இதெல்லாம் தேவையா? 245/65 ஆர்17 என்றால் 750 மில்லிமீட்டர், இரண்டு சதவீதத்துக்குள். உரசவில்லை என்று பொருத்திப் பார்த்து உறுதி செய்தால் அதுவரை போகலாம். என்னைக் கேட்டால் பழைய அளவே போடுங்கள். இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்கவும் இடம் இருக்காது.

நீங்கள் மூட்டை ஏற்றுகிறவர், அதனால் அளவுக்குப் பின்னால் உள்ள சுமை எண்ணையும் பாருங்கள். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. பழைய டயரில் இருக்கும் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 1825 என்றால் 2025-ம் ஆண்டின் 18-வது வாரம். சென்னை வெயிலில் குடோனில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த சரக்கு என்றால் வேறு எடுத்துவரச் சொல்லுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஸ்டெப்னி? ஐந்தாகவே வாங்குங்கள். அன்று என் டயர் கிழிந்தபோது பின்னால் தொங்கியது ஆறு வருடப் பழைய மொட்டை டயர். அதைப் போட்டுக்கொண்டு இருட்டில் மலை இறங்கியதை இன்னும் மறக்கவில்லை. புதுசை ஸ்டெப்னியில் சும்மா தொங்கவிடவும் வேண்டாம். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுற்றில் மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் ஏ.டி. டயரின் பட்டன் ஒருபக்கமாகத் தேய்ந்து ‘ஊ’ என்று ஊளையிட ஆரம்பிக்கும், பிறகு அதை நிறுத்த முடியாது.

எந்த டயர் போட்டாலும் காற்று சரியில்லையென்றால் வீண். தாரில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிறபடி, ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ஓடிச் சூடான டயரில் நாலு பாயின்ட் கூடக் காட்டும், பயந்துபோய் இறக்கிவிடாதீர்கள். மண்பாதை ஆரம்பித்ததும் கால்வாசி குறையுங்கள். 32 இருந்தால் 24. டயர் தரையில் அகலமாகப் படியும், கல்லின்மேல் குதிக்காது. வேகம் முப்பதுக்குள் இருக்கட்டும். ஆனால் காற்றுக் குறைந்த டயரின் வயிறு பக்கவாட்டில் பிதுங்கும், ஓரக் கல் கிழிக்கச் சௌகரியம். ஆகவே பாதையின் நடுவிலேயே போங்கள். திரும்பும்போது மூட்டை இருந்தால் 28-க்குக் கீழே வேண்டாம். தார் வந்ததும் மறுபடி நிரப்ப பேட்டரியில் நேராக மாட்டும் கம்ப்ரசர் ஒன்று வாங்கி வையுங்கள். காற்றில்லாமல் ஆரணிவரை ஓட்டினால் டயர் உள்ளுக்குள் வெந்துவிடும்.

ஏ.டி. போட்டதால் உங்கள் வண்டி ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. பின்சக்கரம் ஒன்று பள்ளத்தின்மேல் அந்தரத்தில் நின்றால் அதுதான் சுற்றும், மற்றது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். போகும்போது பின்பக்கம் காலி என்பதால் ஏற்றத்தில் வழுக்குவதும் அப்போதுதான், வரும்போது சாமை மூட்டை அழுத்திப் பிடிக்கும். செம்மண் நனைந்து சோப்பு மாதிரி இருக்கிற அன்றைக்கு வண்டியை ஜமுனாமரத்தூரிலேயே நிறுத்திவிட்டு, ஊர்க்காரர் டிராக்டரில் மூட்டையை இறக்கச் சொல்லுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியர், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள்.

மைலேஜ் கொஞ்சம் குறையும், லிட்டருக்கு அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது டயரின்மேல் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். அதை ஊருக்குள் ஓட்டித் தீர்த்துவிட்டு மலைக்குப் போங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டை ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். மறந்துபோனால் ஆற்காட்டில் டீக்கு நிறுத்தும்போதாவது பாருங்கள்.