எதிர்முனை: ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டரிடம் வாசகர் கேட்டவை

கேள்வி: என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். காலையில் நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கு உடனே நீல டிக் விழுந்துவிடுகிறது. பதில் மட்டும் இரவு வரை வருவதில்லை. பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறானே என்று மனம் வெதும்புகிறது, அம்மா.
– வாசகி, நாமக்கல்

நீல நிறத்தை வாட்ஸ்அப் கொண்டுவந்தது 2014 நவம்பரில். அதற்கு முன்னால் ஒற்றை டிக், இரட்டை டிக் மட்டும்தான். ஒன்று விழுந்தால் உங்கள் கைபேசியிலிருந்து போய்விட்டது, இரண்டு விழுந்தால் அவன் கைபேசிக்குச் சேர்ந்துவிட்டது, நீலமானால் அவன் திறந்துவிட்டான். அதற்கு மேல் அந்த டிக்குக்கு எதுவும் தெரியாது. பஸ் படியில் ஒரு கால் வைத்தபடி திறந்தானா, மேலதிகாரி எதிரில் இருக்கும்போது மேஜைக்கு அடியில் திறந்தானா என்பதை அது உங்களுக்குச் சொல்லாது. மிச்சத்தை நீங்கள்தான் மனத்தில் எழுதிக்கொள்கிறீர்கள்.

நான் 1975ல் திருச்சியில் டிரங்க் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். 180க்கு போன் செய்து வெளியூர் அழைப்பைப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் காலம் அது. சாதாரணக் கட்டணத்தில் பதிந்தால் காலையில் கேட்ட லைன் மாலையில் கிடைக்கும். மளிகைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்த தாய்மார்கள் எங்களைத் திட்டுவார்கள், கம்பியைத் திட்டுவார்கள், மழையைத் திட்டுவார்கள். பிள்ளையைத் திட்ட மாட்டார்கள். "லைன் கிடைக்கவில்லை" என்ற இரண்டு வார்த்தை எத்தனையோ வீடுகளில் மனஸ்தாபம் வராமல் காத்தது. இன்றைக்கு லைன் எப்போதும் கிடைக்கிறது. அதனால் பழி முழுவதும் மனிதர்கள் தலையில் விழுகிறது.

ஒன்று செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் தனியுரிமை என்ற பகுதிக்குப் போய், படித்ததைக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். தனிப்பட்ட செய்திகளில் அவன் திறந்தானா என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் திறந்தீர்களா என்று அவனுக்கும் தெரியாது. ஒரு வாரத்தில் மனம் அடங்கும். இன்னொன்று, "சாப்பிட்டாயா?" என்று தினமும் கேட்டால் அதற்குச் சொல்ல அவனிடம் புதிதாக எதுவும் இருக்காது. "கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவன் எழுந்துபோய் பாட்டிலைப் பார்த்தாக வேண்டும்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். "இரவு பேசுகிறேன்" என்று எழுத ஐந்து விநாடி போதும். அம்மாவுக்கு அந்த ஐந்து விநாடியைக் கொடுங்கள்.

கேள்வி: பழைய கட்டிலை விற்பதற்கு இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். வாங்கிக்கொள்கிறேன் என்றவர் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் என் கணக்கில் பணம் ஏறும் என்கிறார். போடலாமா?
– வாசகர், காரைக்குடி

போடாதீர்கள். யுபிஐ முறையில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதே இல்லை. பணம் கொடுப்பதற்கும் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும்தான் அது. பணம் தருகிறேன் என்பவர் பின் நம்பரைப் போடச் சொன்னாலே உங்கள் பணம் வெளியே போகப் போகிறது என்று பொருள். கட்டிலை அக்கம்பக்கத்தில் யாருக்காவது கொடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மும்பை போலீஸ் என்று வீடியோ காலில் வந்தவர்கள் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டி, மூன்று நாட்கள் அறையை விட்டு வெளியே வரவிடாமல் வைத்து, ஆறரை லட்சம் ரூபாயைப் பறித்துவிட்டார்கள். பணம் போனதைவிட, அவர் யாருடனும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை. இவ்வளவு விவரமானவர் எப்படி ஏமாந்தார்? நாங்கள் அவரிடம் என்ன பேசுவது?
– வாசகர், திருப்பூர்

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் இப்போதே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்கென்றே நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் அது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள், வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். பறித்த பணத்தை ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். நடுவில் எங்காவது முடக்க முடிந்தால்தான் மிஞ்சும். அதனால் முதல் சில மணி நேரம் மிக முக்கியம். நாட்கள் கடந்துவிட்டாலும் புகார் கொடுக்காமல் விடாதீர்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார்.

இனி உங்கள் தந்தை. விவரமானவர் எப்படி ஏமாந்தார் என்று கேட்கிறீர்கள். என் தொழிலை வைத்துத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

எங்கள் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆஃபர் என்று ஒன்று உண்டு. ஒருவர் உள்ளூரில் யாருடனோ பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவருக்கு வெளியூரிலிருந்து அழைப்பு வரும். அப்போது ஆபரேட்டர் அந்தப் பேச்சுக்குள்ளே நுழைந்து, "சார், உங்களுக்கு டிரங்க் கால் காத்திருக்கிறது, ரிசீவரை வைக்கிறீர்களா?" என்று கேட்கலாம். நடந்துகொண்டிருக்கும் பேச்சில் குறுக்கிட எங்களுக்கு அதிகாரம் இருந்தது. எத்தனையோ தடவை ஊரிலிருந்து வந்த சாவுச் செய்தியை அப்படித்தான் சேர்த்தோம்.

இந்தக் கயவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். லைனை மூன்று நாட்கள் விடாமல் பிடித்துவைக்கிறார்கள். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களையும் கைது செய்வோம் என்கிறார்கள். மனிதனுக்கு அறிவு தனியாக வேலை செய்வதில்லை. "இது என்னப்பா, சரியாகப் படவில்லையே" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டால்தான் அது விழித்துக்கொள்ளும். அந்தக் குரல் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் இவர்களுடைய முழுத் தொழில். போலீஸ் உடுப்பும் முத்திரை குத்திய காகிதமும் அதற்கு அப்புறம்தான். உங்கள் தந்தை முட்டாள்தனத்தால் விழவில்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பிலேயே இது நடந்தது. மேல் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் வீட்டு வாசலில் பால் பாக்கெட் இரண்டு நாட்களாக எடுக்காமல் கிடந்தது. முதல் நாள் பாக்கெட் உப்பிப்போய், எறும்பு வரிசை கட்டியிருந்தது. மணி அடித்தேன். கதவு நாலு விரற்கடை திறந்தது. அவர் உதட்டின் மேல் விரலை வைத்து, இன்னொரு கையிலிருந்த கைபேசியைக் காட்டினார். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன். ஆசிரியையின் தலை வாரப்படவில்லை. கைபேசியோடு சார்ஜர் வயரும் சுவர் வரை நீண்டிருந்தது. இரண்டு நாட்களாக அந்த வயர் எட்டும் தூரத்துக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முப்பது வருடங்களுக்கு மேல் பழகிய அதே குரலில், "உங்களுக்கு வேறு அழைப்பு வந்திருக்கிறது, இதை வைத்துவிடுங்கள்" என்றேன். கைபேசியை வாங்கி அணைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அன்று பிற்பகல் வங்கிக்குப் போய் வைப்புநிதியை முறித்து அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தாராம். நாற்பது வருடங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

உங்கள் தந்தையிடம் "ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று யாரும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தனக்குத்தானே ஆயிரம் முறை கேட்டிருப்பார். பேரப்பிள்ளைகள் முன்னால் இந்தப் பேச்சே வேண்டாம். புகார் கொடுக்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். நடந்ததை அவரே தன் வாயால் சொல்லட்டும், தன் கையால் எழுதட்டும். வீட்டு வரவுசெலவு அவர் கையில் இருந்ததென்றால் இனியும் அவர் கையிலேயே இருக்கட்டும். அதை மட்டும் பறித்துவிடாதீர்கள். முடிந்தால் அவர் வயதை ஒத்த நண்பர் ஒருவரை வரச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் சொல்லக் கூசும் ஒன்றைச் சேக்காளியிடம் சொல்ல முடியும். மூன்று மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: நண்பரின் தந்தை இறந்தபோது என்ன எழுதுவதென்று தெரியாமல், ஏஐயிடம் கேட்டு அது தந்த இரங்கல் செய்தியை அனுப்பினேன். நண்பர் நெகிழ்ந்து நன்றி சொன்னார். அதிலிருந்து எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நான் செய்தது தவறா?
– வாசகர், சிவகாசி

தந்தி இருந்த காலத்தில் வாழ்த்துத் தந்திக்கென்றே ஆயத்த வாசகங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கல்யாணத்துக்கு இந்த எண், தீபாவளிக்கு இந்த எண் என்று படிவத்தில் குறித்துக் கொடுத்தால் போதும், போய்ச் சேரும் இடத்தில் அந்த எண்ணுக்குரிய முழு வாசகமும் அச்சாகிக் கையில் கிடைக்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தும்வரை அந்த வாசகங்களை எத்தனையோ பேர் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதை எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் இரவல் வாசகம் அனுப்பியதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். துக்கத்தில் யாருக்கும் வார்த்தை வராது.

ஆனால் தந்தியில் வந்தது ஆயத்த வாசகம் என்று வாங்குகிறவருக்கும் தெரியும். உங்கள் நண்பருக்கு அது தெரியாது. உறுத்தல் அங்கேதான் இருக்கிறது, அது நல்ல உறுத்தல். அந்தப் பெரியவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்தது ஒன்றாவது இருக்கும். நீங்கள் வீட்டுக்குப் போனால் செருப்பை நிழலில் எடுத்து வைப்பாரா? தேர்வு முடிவு வந்த அன்று சைக்கிளில் வைத்து அழைத்துப் போனாரா? அதை நண்பருக்கு போன் செய்து சொல்லுங்கள். பதினாறாம் நாள் முடிந்த பிறகு செய்தால் இன்னும் நல்லது. வந்தவர்கள் எல்லாம் போய், வீடு வெறிச்சென்று இருக்கும் நேரம் அது.

கேள்வி: பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கைபேசியில் சத்தமாக வீடியோ பார்க்கிறார். சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். மனிதர்கள் ஏன் இப்படி ஆகிவிட்டார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு நடந்தது 1995 ஜூலை 31ல், கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு. அதன் பிறகு பல வருடங்கள், வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. 2003ல்தான் அது போனது. காசு ஓடிக்கொண்டிருந்தவரை எல்லோரும் வாயைப் பொத்தி, குரலைத் தாழ்த்தி, சுருக்கமாகப் பேசினார்கள். இப்போது பேச்சும் படமும் ஏறக்குறைய இலவசம். அடக்கம் நம் சுபாவத்தில் இருந்ததாக நினைத்தோம், பாதியை மீட்டர்தான் பார்த்துக்கொண்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

"சத்தத்தைக் குறையுங்கள்" என்றால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடுகிறது. "தலைவலியாக இருக்கிறது தம்பி, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். உடம்பு சரியில்லை என்று கேட்டால் மறுக்கிறவர்கள் நம் ஊரில் குறைவு. போன மாதம் திருச்சி பஸ்ஸில் ஒரு பையன் அணைத்ததோடு நிற்காமல், எழுந்து எனக்கு ஜன்னல் ஓர சீட்டையும் கொடுத்தான்.

கேள்வி: தங்கை மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். வெற்றிலைபாக்கு வைத்து அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது என்கிறார் என் கணவர்.
– வாசகி, விருதுநகர்

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அழைப்பு என்பது ஆள் வந்து அழைப்பதுதான். ஆனால் இந்தக் காலத்தில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் முந்நூறு வாசல் ஏறி இறங்க யாரால் முடியும்? சொந்தத் தாய்மாமன் பெரியம்மா வீடுகளுக்காவது நேரில் வந்திருக்கலாம். மற்றவர்களுக்குப் படத்தை அனுப்பிவிட்டு அன்றே ஒரு போன் செய்திருக்கலாம்.

போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணை "பி.பி." என்று போட்டுப் பத்திரிகையில் அச்சடித்த காலத்தில், யாரோ ஒருவர் தெருவைக் கடந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டி, "மதுரையிலிருந்து போன், வாருங்கள்" என்று கூப்பிடுவார். லைனைப் பிடித்துக்கொண்டு நாங்கள் காத்திருப்போம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்து "அலோ" என்பார்கள். எதிர்முனையில் இருப்பவர் பேசுவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார்.

உங்கள் தங்கைக்கு நீங்களே போன் செய்யுங்கள். "பத்திரிகை வந்தது. இவர் உன் குரலில் கேட்க வேண்டும் என்கிறார்" என்று சொல்லி, போனைக் கணவர் கையில் கொடுங்கள்.