நார்ச்சத்துத் தூளால் உடம்பு இளைக்குமா? – கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துத் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, உணவியல் ஆலோசகராகப் பணியாற்றும் நம் உறுப்பினர் எழுதிய பதில்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: சாப்பாட்டுக்கு முன் இசப்கோல் குடித்தால் பசி அடங்கி உடம்பு இளைக்கும் என்கிறார்களே, உண்மையா அக்கா?

பசி ஓரளவு அடங்கும் என்பது உண்மை; உடம்பு தானாக இளைக்கும் என்பது உண்மையன்று. இசப்கோல் ஒரு விதையின் மேல்தோல். பெரும்பாலும் குஜராத்திலிருந்து நமக்கு வருகிறது. அதிலுள்ள கரையும் நார்ச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவதால், வயிறு நிறைந்த உணர்வு சற்றுக் கூடுதல் நேரம் நீடிக்கிறது. அந்த உணர்வுக்குச் செவிகொடுத்து, மறுசோறு வாங்காமல் நீங்கள் எழுந்தால்தான் எடை குறையும். வழக்கமான அளவையே சாப்பிட்டுவிட்டுத் தூளை மட்டும் நம்பியிருந்தால் பலன் இராது.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2023இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்ப்பது), நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் இசப்கோலை உணவுக்கு முன் எடுத்துக்கொண்ட பருமனானவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மாதங்களில் 2 கிலோ அளவுக்குக் குறைந்ததாகக் கூறியது. வேறொரு தொகுப்பாய்வு குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. கெட்ட கொழுப்பைக் குறைப்பதில் அதன் பயனுக்கு இதைவிட உறுதியான சான்று உண்டு. எனவே மலச்சிக்கலுக்காகவோ கொழுப்புக்காகவோ மருத்துவர் சொல்லி எடுப்பவர்கள் தொடரலாம். எடைக்காக மட்டும் வாங்குபவர்கள் எதிர்பார்ப்பைச் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது ஒரு முழு டம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். உலர்ந்த தூளை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பது தொண்டையிலோ உணவுக்குழாயிலோ அடைப்பை உண்டாக்கக்கூடும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும், குடலில் சுருக்கமோ அடைப்போ இருந்தவர்களும் இதைத் தொடவே வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் குடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து: குளுக்கோமன்னான் மாத்திரை சேனையிலிருந்து எடுப்பதாமே? அப்படியானால் நம் சேனைக்கிழங்கே போதாதா?

குளுக்கோமன்னானும் ஒரு கரையும் நார்ச்சத்துதான்; அது கொன்ஜாக் என்னும் கிழக்காசியக் கிழங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் சேனைக்கு அந்தக் கிழங்கு நெருங்கிய உறவுதான், ஆனால் நம் சேனையில் மிகுந்திருப்பது மாவுச்சத்து. ஆகவே சேனை மெழுக்குபுரட்டியை உணவாக உண்ணுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் குளுக்கோமன்னான் எடையைக் குறைக்க உதவும் என்று விளம்பரப்படுத்த அனுமதித்தபோது கடுமையான நிபந்தனைகளையும் சேர்த்தது: நாளொன்றுக்கு 3 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து, உணவுக்கு முன், ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீருடன், அதுவும் உணவின் கலோரியைக் குறைத்தவர்களுக்கு மட்டும். விளம்பரங்களில் இந்தக் கடைசி நிபந்தனையைக் காண்பது அரிது. மாத்திரை வடிவம் உணவுக்குழாயில் வீங்கி அடைத்த நிகழ்வுகளால் ஆஸ்திரேலியா 1980களிலேயே அந்த மாத்திரைகளைத் தடை செய்தது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினையும் இதே வரிசையில் விற்கிறார்கள். 2001இல் வந்த தொகுப்பாய்வு, எடை குறைப்பதற்கு அது பயன்படவில்லை என்றே முடித்தது.

கோபாலபுரத்திலிருந்து: எனக்குச் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை நடக்கிறது. நான் இசப்கோல் எடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்டபின் எடுக்கலாம். நார்ச்சத்துக் கூழ் மருந்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், தைராய்டு மாத்திரைக்கும் தூளுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மற்ற மருந்துகளுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். இன்சுலின் போடுபவர்கள், உணவின் அளவும் குறையும்போது சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடாமல் அடிக்கடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்தே இன்னொருவர்: குடிக்கத் தொடங்கியதும் வயிறு உப்புசமாக இருக்கிறதே?

அளவைப் பாதியாக்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். வலியோ வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து: தூளே வாங்காமல் நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே இதைப் பெற முடியாதா?

முடியும், நான் முதலில் பரிந்துரைப்பதும் அதையே. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உணவிலிருந்தே கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூட இல்லை. அதே நேரத்தில் 30 கிராம் உலர்ந்த பச்சைப்பயற்றை வேகவைத்தால் ஏறக்குறைய 5 கிராம் கிடைக்கும்; 100 கிராம் கொய்யாவிலும் அதே அளவு உண்டு. நம் பக்கத்துக் கஞ்சியும் பயறும் இந்தக் கணக்கில் மிக நல்ல உணவு, பயற்றின் அளவு கஞ்சியின் அளவைவிடக் குறையாமல் இருந்தால். மட்டை அரிசி தவிடு முழுதும் நீங்காதது என்பதால் வெள்ளையரிசியைவிட மேலானது, ஆனாலும் அது அரிசிதான். அளவின்றி உண்ணலாம் என்று பொருளல்ல. வாழைத்தண்டு, மொச்சை, முருங்கைக்கீரை, தை மாதத்துப் பனங்கிழங்கு ஆகியவற்றை மென்று தின்னவே நேரமாகிறது. அந்த நேரத்தில் வயிறு நிறைந்ததை மூளை உணர்ந்துவிடுகிறது. தூளில் அந்த மெல்லுதல் இல்லை, பயற்றின் புரதமும் இல்லை. இவ்வளவு எளிதாகக் கிடைப்பவற்றை விட்டுவிட்டு விலையுயர்ந்த டப்பாக்களுக்கு நம் மக்கள் பணம் செலவிடுவது எனக்கு உண்மையில் வருத்தமளிக்கிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. குண்டாக இருக்கிறாள் என்று பள்ளியில் கேலி செய்கிறார்கள். அவளுக்கு இதைக் கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. வளரும் பிள்ளையின் பசியை அடக்குவது நம் நோக்கமாக இருக்கக் கூடாது. உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லக்கூடிய குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; உண்மையில் பருமனே இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் இனிப்புப் பானத்தையும் வறுவல் பொட்டலங்களையும் எல்லோருக்குமாக நிறுத்துங்கள், அவளுக்கு மட்டும் தனித்தட்டு வைக்காதீர்கள். கேலியைப் பற்றி வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் பேசுங்கள்.