“ஆம்ப்யூலைக் கையில் எடுத்ததும் உறைந்துபோனேன்!”

கேள்வி: ஐசியுவில் நர்ஸாகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. சமீபத்தில் ஒரு நோயாளிக்கு இதயம் நின்றபோது டாக்டர், “அட்ரினலின் ஒண்ணு கொடுங்க” என்றார். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பாடம்தான். ஆனால் கலக்க வேண்டுமா, அப்படியே போடலாமா என்று தெரியாமல் நின்றுவிட்டேன். சீனியர் அக்கா சிரிஞ்சை வாங்கிக்கொண்டார். அதிலிருந்து கோட் ப்ளூ (இதயம் நின்ற நோயாளிக்காக ஒலிக்கும் அவசர அழைப்பு) என்றாலே பின்னால் போய் நிற்கிறேன். வார்டுக்கு மாற்றல் கேட்கட்டுமா?

பதில்: வேண்டாம் தங்கையே. கலக்க வேண்டுமா என்று உங்களுக்குள் எழுந்தது சரியான கேள்விதான். அதை வாய்விட்டுக் கேட்காமல் விட்டதுதான் சிக்கல்.

முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். 1:1000 ஆம்ப்யூலில் (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி) 1 மில்லியில் 1 மி.கி. இருக்கிறது. 1:10,000 என்றால் அதே 1 மி.கி. 10 மில்லியில் இருக்கும். இதயம் நின்ற பெரியவருக்குப் போக வேண்டியது 1 மி.கி. அதில் மாற்றமில்லை. எந்த வடிவில் போட்டாலும் உடனே 20 மில்லி சலைன் ஃபிளஷ் கொடுத்து, கையைச் சில விநாடிகள் உயர்த்திப் பிடியுங்கள். அந்த நேரத்தில் ரத்தத்தை ஓட வைப்பது நெஞ்சை அழுத்தும் கைகள் மட்டுமே. ஃபிளஷ் இல்லையென்றால் மருந்து கைநரம்பிலேயே தங்கிவிடும். ஊசி போடுவதற்காக அழுத்துவதை நிறுத்தவும் கூடாது.

ஆனால் அலர்ஜி அதிர்ச்சியில் துடிப்போடு இருக்கும் நோயாளிக்கு அதே ஆம்ப்யூலிலிருந்து 0.5 மி.கி.யைத் தொடைத் தசையில் போட வேண்டும். அவருக்கு 1 மி.கி.யை நரம்பில் தள்ளினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் “ஒண்ணு கொடுங்க” என்ற உத்தரவை அப்படியே ஏற்கக் கூடாது என்கிறேன். ஒரு ஆம்ப்யூலா, ஒரு மில்லியா, ஒரு மில்லிகிராமா? “அட்ரினலின் 1 மி.கி., ஐவி, சரியா டாக்டர்?” என்று திருப்பிச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் “போட்டாச்சு” என்று நேரத்தோடு உரக்கச் சொல்லுங்கள். அடுத்த டோஸ் 3 முதல் 5 நிமிடத்துக்குள் வர வேண்டும். யாரும் குறித்துவைக்கவில்லையென்றால், பதற்றத்தில் ஒரு நிமிடம்கூடப் பத்து நிமிடமாகத் தோன்றும். திருப்பிக் கேட்டதற்காக எரிச்சல்படும் டாக்டர்களும் உண்டு. படட்டும், நீங்கள் கேளுங்கள்.

மற்ற மருந்துகளையும் டோஸ் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல், ஏன் என்ற காரணத்தோடு படியுங்கள். அதிவேகத் துடிப்பை அடக்கும் அடினோசின் உடம்பில் சில விநாடிகளே தங்கும். அதனால் இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய நரம்பில் வேகமாகத் தள்ளி, அடுத்த நொடியே ஃபிளஷ் கொடுக்கிறோம். மெதுவாகப் போட்டால் போடாததற்குச் சமம். பைகார்பனேட்டையும் கால்சியத்தையும் ஒரே லைனில் அடுத்தடுத்து விட்டால் வெள்ளையாகத் திரிந்து லைன் அடைத்துக்கொள்ளும். இடையில் ஒரு ஃபிளஷ் போதும், தப்பித்துவிடலாம். ஷாக் கொடுத்தும் அடங்காத வி.எஃப்.க்கு (இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை) அமியோடரோன் 300 மி.கி., தேவைப்பட்டால் அப்புறம் 150.

இன்னொன்று. இதயம் நின்றதும் பழக்கத்தில் அட்ரோபினையும் லோட் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அசிஸ்டோலுக்கு (இதயத்தில் மின்னியக்கமே இல்லாத நிலை) அதை வழக்கமாகக் கொடுப்பதை அமெரிக்க இதய சங்கம் 2010 வழிகாட்டுதலிலேயே நீக்கிவிட்டது. துடிப்பு மிக மெதுவாக இருக்கும் நோயாளிக்குத்தான் அது இப்போது வேண்டும். அவர்கள் அக்கறையில்லாமல் அப்படிச் செய்வதில்லை. படித்த காலத்தில் அதுதான் சரி. படிப்பு முடிந்த பிறகு யாரும் திரும்பச் சொல்லிக்கொடுக்காத இடங்களில் இப்படித்தான் நடக்கும். மீள்பயிற்சியைச் சான்றிதழுக்கான சடங்காக நடத்தும் நிர்வாகங்கள் மீது எனக்குக் கோபமே உண்டு.

கை நடுங்குவதற்கு மருந்து பழக்கம்தான். காலாவதியான ஆம்ப்யூல்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். உடைத்து, லோட் செய்து, லேபிள் ஒட்டிப் பழகுங்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது கிராஷ் கார்ட்டை (அவசர மருந்து வண்டி) சரிபார்க்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து எந்த இழுப்பறையில், எந்தச் செறிவில் இருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும்.

அன்று சிரிஞ்சை வாங்கிக்கொண்ட அக்காவிடமே பேசுங்கள். “அடுத்த கோட் வந்தால் மருந்தை நான் போடுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.