புதுத் தொடரும் வரப்போகும் படமும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தான் பக்கம், வேலை சென்னையில். போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, எல்லாரும் பேசுகிற அந்தப் புது வெப் சீரிஸை அப்பத்தாவோடு உட்கார்ந்து இரண்டே நாளில் பார்த்து முடித்தேன். அந்தக் குழுவின் முந்தைய இரண்டு படங்களையும் தியேட்டரில் மூன்று மூன்று தடவை பார்த்தவன் நான். இந்தத் தொடர் என்னை உட்கார வைத்து ஏமாற்றிவிட்டது. ஐந்தாவது எபிசோடுக்கு மேல் கதை நகரவே இல்லை, முடிவையும் அடுத்த சீசனுக்குத் தள்ளிவிட்டார்கள். எல்லாவற்றையும் விட, கதை நம் செட்டிநாட்டு வீடு ஒன்றில் நடக்கிறது. பெரிய மகன் ஒருவனே ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விற்றுவிடுகிறான். அப்பத்தா அந்த இடத்தில், "மத்த பங்காளியெல்லாம் எங்கடா போனாக?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எங்கள் வீட்டுக்கு மட்டும் பதினான்கு பங்கு அண்ணே.

இதே குழுவின் படம் சீக்கிரம் வருகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நான் சொல்கிறேன், நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். தொடரை வைத்துப் படத்தை எடை போடுவது தப்பா?

இப்படிக்கு, தம்பி ஒருவன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் இருந்த குழுவின் பெயரையும் தொடரின் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் இங்கே போட்டிருக்கிறேன். திரைக்கே வராத ஒரு படத்தைப் பற்றி அவர்கள் பெயரோடு சேர்த்து நான் ஒரு வார்த்தை சொன்னாலும் அது நியாயமில்லை.

ஒரு சோறு பதம் என்ற பழமொழி ஒரே பானைக்குத்தான். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். தொடரும் படமும் இரண்டு பானை. சமைத்தவர்கள் ஒரே ஆட்கள் என்பது மட்டும்தான் பொது, சில சமயம் அதுவும்கூட இல்லை.

'சுழல்' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அது வந்தபோது 'விக்ரம் வேதா' படத்தை எடுத்த இயக்குநர் ஜோடி புஷ்கர் காயத்ரியின் தொடர் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். உருவாக்கி எழுதியது அவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் முதல் சீசனின் எட்டு எபிசோடுகளையும் இயக்கியது பிரம்மாவும் அனுசரணும். ஒரு காட்சி இழுக்கிறது, ஒரு நடிகர் கத்துகிறார், கேமரா தேவையில்லாமல் அலைகிறது என்றால் அதை அந்த இரண்டு பேர் கணக்கில்தான் எழுத வேண்டும். அதை வைத்துப் புஷ்கர் காயத்ரி அடுத்து இயக்கும் படம் எப்படியிருக்கும் என்று சொல்லவே முடியாது. கதைப்போக்கை வேண்டுமானால் கேட்கலாம். உங்கள் தொடரிலும் ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ஓடுகிற பெயர்களை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். ஐந்தாவதுக்கு மேல் தொய்வு என்கிறீர்களே, அங்கே எழுதியவரோ இயக்கியவரோ மாறியிருக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது காலண்டர். இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் 'ஃப்ரிஞ்ச்' என்ற தொடர் ஆரம்பமானது. ஜே.ஜே. ஆப்ராம்ஸ், அலெக்ஸ் கர்ட்ஸ்மன், ராபர்ட்டோ ஓர்சி மூவரும் சேர்ந்து உருவாக்கியது. இதே மூவரின் 'ஸ்டார் ட்ரெக்' படம் அடுத்த வருஷம் வர இருந்தது, ஆப்ராம்ஸ் இயக்கம், மற்ற இருவரும் எழுத்து. ஃப்ரிஞ்சின் ஆரம்ப எபிசோடுகள் பிடிக்காத ஒரு ரசிகர், ஐயோ நம் ஸ்டார் ட்ரெக்கும் இப்படித்தான் ஆகிவிடுமோ என்று பதறியிருந்தால் அது இயற்கைதான். ஆனால் அந்தப் படத்தின் ஷூட்டிங் 2008 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. முதலில் கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்து, 2009 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஷூட்டிங் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தமும் வந்துவிட்டதால் படப்பிடிப்பின் பெரும்பகுதியில் வசனத்தில் அவர்கள் கை வைக்கவே முடியவில்லை. அதாவது படத்தை எழுதிய நாட்கள் வேறு, தொடரை ஓட்டிக்கொண்டிருந்த நாட்கள் வேறு. பிந்தியதை வைத்து முந்தியதை எடை போடுவதாகிவிடும். படம் நன்றாக ஓடியது, ஒப்பனைக்கு ஆஸ்காரும் வாங்கியது. ஃப்ரிஞ்சும் தடுமாறித் தடுமாறித் தன் வழியைக் கண்டுபிடித்து, ஐந்து சீசன், நூறு எபிசோடு போய் 2013இல் முடிந்தது. தொடருக்கு அந்த வசதி உண்டு, நம் கண்ணெதிரே பிழை செய்து நம் கண்ணெதிரே திருத்திக்கொள்ளலாம். படத்துக்கு ஒரே வெள்ளிக்கிழமைதான்.

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன். திருமுருகன் 'மெட்டி ஒலி' எடுத்தபோது இங்கே காரைக்குடியில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தையே அந்தத் தொடருக்குத் தகுந்தபடி மாற்றி வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்க் கை கட்டி நிற்கிற அப்பா. வருஷக்கணக்காக அழுகை. அவர் சினிமா எடுக்கப்போகிறார் என்றதும், இரண்டரை மணி நேரமும் அழவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். 2006இல் 'எம் மகன்' வந்தது. (முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்று அரசு சொன்னதும் மாறியது. முதல் உலகப்போரில் சென்னை மேல் குண்டு போட்ட கப்பலின் பெயர், கண்டிப்பான ஆட்களுக்குப் பட்டப்பெயராகி, அங்கிருந்து போஸ்டர் வரைக்கும் வந்திருந்தது, எனக்கு அந்தப் பழைய பெயர் போனதில் வருத்தம்தான்.) படத்தில் அத்தனை சிரிப்பு. வடிவேலுவும் சரண்யாவும் நாசரும் இருக்கிற காட்சிகளில் நாங்கள் சிரித்துச் சிரித்து, அப்புறம் சட்டென்று அந்த மகனுக்காகத் தொண்டை அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். மெட்டி ஒலியின் வேகத்தையும் அழுகையையும் வைத்து நான் போட்ட கணக்கு முழுத் தப்பு. ஆனால் மெட்டி ஒலியில் இருந்த ஒன்று அப்படியே அங்கேயும் இருந்தது. ஒரு வீட்டுக்குள் யார் யாருக்குப் பயப்படுவார்கள், யார் எந்த இடத்தில் உட்காருவார்கள், அப்பா உள்ளே நுழைந்ததும் யாருடைய குரல் முதலில் தணியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதே ஆள் பிற்பாடு நம் காரைக்குடியைக் களமாக வைத்து 'நாதஸ்வரம்' எடுத்தார், 2014இல் ஆயிரமாவது எபிசோடை ஒரே ஷாட்டில் நேரலையாகவே காட்டினார். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், வீட்டுக்குள் ஆட்கள் எப்படி நடமாடுவார்கள் என்பது கைப்பழக்கமாகவே ஆகிவிட்ட ஒருவருக்குத்தான் அது வரும் என்பேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'மர்மதேசம்' என்ற டிவி தொடரை எடுத்த நாகாவை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வயது போதாது, உங்கள் சித்தப்பாவைக் கேளுங்கள். அதில் 'விடாது கருப்பு' என்ற கதை வந்த நாட்களில் கருப்பர் கோயில் வழியாகச் சைக்கிளில் வர எங்களுக்கே யோசனையாக இருந்தது. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் நம்மைக் காக்க வைக்கிற வித்தை அது, பயம் அந்த ஏழு நாளில்தான் வளரும். அவர் 2010இல் 'அனந்தபுரத்து வீடு' எடுத்தபோது திரையில் அந்த ஏழு நாள் இல்லை. அதோடு அவர் எடுத்த கதையே வேறு மாதிரி, அந்த வீட்டில் இருக்கிற ஆவிகள் பிள்ளையைக் காப்பாற்ற நிற்கிற பெற்றோர். எனக்கு அந்தப் படத்தின் மனசு பிடித்தது. ஆனால் 'விடாது கருப்பு' தந்த பயத்தைத் தேடிப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைத்தது, அந்த ஏமாற்றத்தை அவர்களே வீட்டிலிருந்து கொண்டு போயிருந்தார்கள்.

இந்த ஊர்க்காரர்களாக நாம் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். ஏ.வி.எம். ஸ்டூடியோ கோடம்பாக்கம் போவதற்கு முன்னால் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது, 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். அது ப. நீலகண்டனின் நாடகத்திலிருந்து வந்தது. ஆனால் படம் பார்த்த பெரியவர்கள் என்னிடம் சொன்னதெல்லாம் டி.கே. பட்டம்மாளின் குரலையும் குமாரி கமலாவின் ஆட்டத்தையும் பற்றித்தான். மேடையை வைத்துத் திரையை அளந்தவர்களுக்கும் அன்றைக்குக் கணக்கு இடித்திருக்கும்.

ஆகவே கதை நகரவில்லை, முடிவைத் தள்ளிப்போட்டார்கள் என்ற உங்கள் இரண்டு குறையையும் நான் படத்தின் மேல் ஏற்றமாட்டேன். தொய்வு பெரும்பாலும் எட்டு எபிசோடு வேண்டும் என்று போட்ட ஒப்பந்தத்தில் வருவது. முடிவைத் தள்ளுவது அடுத்த சீசனுக்காக. படத்தில் இந்த இரண்டு கட்டாயமும் இல்லை.

ஆனால் அப்பத்தா கேட்ட கேள்வி இருக்கிறதே, அதை என்னால் அப்படித் தள்ள முடியவில்லை தம்பி. கடிதம் வந்ததிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொடரை நானும் பார்த்தேன். வெளிச்சம் அழகு, ஆத்தங்குடிக் கல்லில் கால் படுகிற சத்தம்கூட நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி இருக்கிற அறைகள் எதற்கு என்று ஒருவர்கூட விசாரிக்கவில்லை. ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணம் ஆனதும் ஓர் அறை, அந்தத் தம்பதி ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம், கொஞ்ச நாளில் தனிக்குடித்தனமாக வேறு வைத்துவிடுவார்கள், ஒரே கூரைக்குக் கீழே அடுப்பு மட்டும் தனித்தனி. இவர்கள் எல்லாரையும் நீளமான ஒரு மேசையில் உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். அதையாவது விட்டுவிடலாம். வீட்டை விற்பதுதான் கதையின் முதுகெலும்பு. பங்காளிகள் ஒருத்தர் மலேசியாவில், ஒருத்தர் கோயம்புத்தூரில், ஒருத்தர் பேச்சுவார்த்தையே இல்லாமல் என்று சிதறிக் கிடக்க, எல்லாருடைய கையெழுத்தும் சேராமல் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடந்து, முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறந்து, மழையில் ஓடு சரிந்து நிற்கின்றன என்று நமக்குத் தெரியும். அந்தக் கையெழுத்துகளைத் தேடிப் போகிற ஒரு மகனை எழுதியிருந்தால் எட்டு எபிசோடு போதாமல் போயிருக்கும். கையில் இருந்த நிஜமான கதையைப் பார்க்காமலே தாண்டிப் போயிருக்கிறார்கள், எனக்கு அதுதான் ஆறவில்லை.

இது எழுத்து மேசையில் நடந்த பிழை. இப்படிப்பட்ட பிழை படத்துக்குள்ளும் வர வாய்ப்பு உண்டு. எழுதுகிறவர் ஓர் ஊருக்குப் போய் நான்கு பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்கிற வழக்கம் உள்ளவரா இல்லையா என்பது தொடருக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று மாறாது. ஆனால் ஒன்று, அவர்களுடைய முதல் இரண்டு படமும் அவர்கள் பிறந்து வளர்ந்த தெருக்களில் நடந்தவை, அங்கே யாரிடமும் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வரப்போகும் படத்தின் களம் எதுவென்று இன்னும் சொல்லவில்லை. தங்கள் தெருவுக்கே திரும்பியிருந்தால் எனக்குப் பயமில்லை. இன்னொரு புது ஊருக்குப் போயிருந்தால் உங்களைப் போலவே எனக்கும் கொஞ்சம் கலக்கம்தான்.

எப்படியானாலும் முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள், நானும் போகிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவரையும் தியேட்டருக்கு அழைத்துப் போக முடிந்தால், எந்தக் காட்சியில் எழுந்து போனார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்
காரைக்குடி